வாங்கிய புத்தகம் யாருடையது?

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய மின்நூல் எனக்குத்தானே சொந்தம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை அம்மா. பெரும்பாலும் நீங்கள் வாங்குவது படிப்பதற்கான உரிமத்தை மட்டுமே. 2009 ஜூலையில் அமேசான், ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து, அவர்களைக் கேட்காமலே அழித்தது. அமேசான் வழியாக அதை விற்றவரிடம் அமெரிக்கப் பதிப்புரிமை இல்லையாம். பணம் திரும்பி வந்தது. ஒரு மாணவர் அந்நூலில் எழுதிவைத்த குறிப்புகள் பயனற்றுப் போயின. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் பின்னர் மன்னிப்புக் கேட்டார். 2019-இல் மைக்ரோசாஃப்ட் மின்நூல் விற்பனையை நிறுத்தியபோதும் பணம் வந்தது, நூல்கள் போயின.

எழுத்தாளருக்கு உரிமை வேண்டும்; அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அச்சுப் புத்தகத்தில் உரிமைத் தகராறு வந்தால், பதிப்பாளர் நம் வீட்டு அலமாரியைத் திறப்பதில்லையே! படித்ததைத் தங்கைக்குக் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம். நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டில்லாத கோப்பாக மின்நூல் விற்கும் பதிப்பகங்களும் இருக்கின்றன. முடிந்தவரை அவர்களிடம் வாங்குங்கள்.