கல்லான மரமும் புதைந்த மண்ணும்

கேள்வி: விடுமுறையில் பிள்ளைகளைத் திருவக்கரை கல்மரப் பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தேன். மரங்கள் இரண்டு கோடி ஆண்டுப் பழமையானவை என்றார்கள். “அப்போ இந்த இடம் பெரிய காடா இருந்துச்சாம்மா?” என்று மகள் கேட்டாள். என்ன பதில் சொல்வது? சுற்றிலும் தெரிகிற செம்மண்ணும் அவ்வளவு பழையதுதானா? கல்லையும் மண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் காலத்து மழையையும் வெயிலையும் எப்படிக் கணிக்கிறார்கள்?
– ஒரு வாசகி, திண்டிவனம்

பதில்: காடு இருந்தது உண்மை. ஆனால் அது நீங்கள் நின்ற இடத்தில் இருந்ததாகச் சொல்ல முடியாது.

பூங்காவில் பார்த்த மரங்களை நினைத்துப் பாருங்கள். எல்லாம் படுத்த நிலையில் கிடக்கின்றன. வேர் இல்லை, கிளை இல்லை, இலை இல்லை, பட்டையும் இல்லை. அவை பதிந்திருக்கும் பாறையோ கூழாங்கற்கள் கலந்த முரட்டு மணற்கல். இவ்வளவு பெரிய கட்டைகளை உருட்டி, கிளையும் பட்டையும் போகத் தேய்த்து, மணலோடும் கூழாங்கல்லோடும் சேர்த்துப் புதைக்கக்கூடியது ஆற்று வெள்ளம்தான். ஆக, மகளிடம் இப்படிச் சொல்லலாம்: காடு ஆற்றின் மேற்பகுதியில் எங்கோ இருந்தது, இது வெள்ளம் மரங்களைக் கொண்டுவந்து போட்ட இடம். பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னேரா 18ஆம் நூற்றாண்டிலேயே இவற்றைக் கவனித்துப் பதிவு செய்திருக்கிறார்.

சாத்தனூர் கல்மரத்தைப் பார்க்கும்போது இந்தக் கேள்வி இன்னும் முக்கியமாகிறது. பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கும் அந்தக் கல்மரத்தின் நீளம் சுமார் 18 மீட்டர். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தைச் சேர்ந்தது. ஆனால் அது கிடக்கும் படிவத்தில் கடல் உயிரினங்களின் ஓடுகள் கிடைக்கின்றன. நிலத்தில் வளர்ந்த மரம் ஆற்றோடு போய்க் கடலடிச் சேற்றில் புதைந்திருக்கிறது. மரத்தை மட்டும் பார்த்தால் அந்த இடத்தைக் காடு என்போம். சுற்றியுள்ள பாறையையும் பார்த்தால்தான் கடல் என்று தெரியும். அதனால் ஒரு தாவரப் புதைபடிவம் கிடைத்தால் ‘இது என்ன மரம்’ என்பதற்கு முன்பே ‘இது இங்கேயே வாழ்ந்ததா, வந்து சேர்ந்ததா’ என்று கேட்க வேண்டும்.

வந்து சேர்ந்த மரத்தால் பயனில்லை என்று நினைத்துவிட வேண்டாம். இடத்தைச் சொல்லாவிட்டாலும் அது காலநிலையைச் சொல்லும். புதைந்த மரத்துக்குள் நிலத்தடி நீர் ஊறும்போது, நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா செல்களுக்குள் படிகிறது. மரம் கல்லான பிறகும் செல்களின் அமைப்பு அப்படியே நிற்கிறது. அந்தக் கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு, 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், நேற்று வெட்டிய மரத்தைப் போலவே அதைப் படிக்கலாம். மழைக்காலமும் வறட்சிக்காலமும் மாறி மாறி வரும் இடத்தில் வளர்ந்த மரங்களில் பெரும்பாலும் வளர்ச்சி வளையங்கள் தெரியும். ஆண்டு முழுவதும் ஈரமும் வெப்பமும் குறையாத காட்டில் அவை தெளிவாக விழுவதில்லை. நீர் கடத்தும் குழாய்கள் அகலமாக இருந்தால் தண்ணீருக்குப் பஞ்சமில்லாத இடம் என்று ஊகிக்கலாம்.

திருவக்கரை மரங்கள் பதிந்திருக்கும் கடலூர் மணற்கல்லில் குங்கிலியக் குடும்பத்து மரங்களையும் கூம்புத் தாவர வகை மரங்களையும் அடையாளம் கண்டிருக்கிறார்கள். குங்கிலியக் குடும்பத்தில் பெரும்பாலானவை இன்று மழைக்காட்டு மரங்கள். தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் கூம்புத் தாவர இனம் இன்று ஒன்றே ஒன்றுதான். அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில்தான் இருக்கிறது. அந்த ஆறு வடிந்து வந்த நிலம் இன்றைய விழுப்புரம் மாவட்டத்தைவிட ஈரமாக இருந்திருக்க வேண்டும் என்று சொல்வது இதை வைத்துத்தான்.

இலைகள் கிடைத்தால் வெப்பநிலையையும் கணிக்கலாம். வெப்பம் மிகுந்த நாடுகளின் மரங்களில் ஓரம் வழவழப்பான இலைகள் அதிகம். குளிர்ந்த நாடுகளில் ரம்பப் பல் போன்ற ஓரமுள்ளவை அதிகம். அமெரிக்கத் தாவரவியலாளர்கள் பெய்லியும் சின்னாட்டும் 1915இல் இதை எடுத்துக்காட்டினார்கள். ஓரிடத்தில் கிடைக்கும் இலைப் படிவங்களில் வழவழப்பான ஓரமுள்ளவை எத்தனை சதவீதம் என்று எண்ணி, அதிலிருந்து சராசரி வெப்பநிலையைக் கணக்கிடும் முறை அங்கிருந்து வளர்ந்தது.

இனி மண். மரம் மிதந்து வரும், மகரந்தம் காற்றில் பறந்து வரும். மண்ணின் அடுக்குகளோ அந்தந்த இடத்திலேயே, அந்த இடத்து மழையிலும் வெயிலிலும் உருவாகுபவை. அப்படி உருவான மண், மேலே வண்டலோ எரிமலைச் சாம்பலோ மூடிப் புதைந்து பாறைக்குள் தங்கிவிட்டால் அதுதான் தொல்மண். அந்த இடத்தின் பழைய நிலைமைக்கு அதைவிட நம்பகமான சாட்சி அரிது.

வெறும் வண்டலையும் தொல்மண்ணையும் பிரித்தறிய முதல் அடையாளம் வேர்த்தடம். கீழே போகப் போகக் கிளைத்து மெலியும் குழாய்கள் தெரிந்தால், அங்கே செடி நின்றிருக்கிறது. பிறகு நிறத்தைப் பார்ப்பார்கள். சிவப்பு என்றால் பெரும்பாலும் நீர் நன்றாக வடிந்த நிலம். சாம்பலோ பச்சையோ கலந்த நிறம் என்றால் நீர் தேங்கிய நிலம். களிமண்ணில் ஒன்றின்மேல் ஒன்று உரசிப் பளபளத்த பரப்புகள் இருந்தால், நம் கரிசலைப் போல மழையில் உப்பி வெயிலில் வெடித்த மண் அது. மழையும் வறட்சியும் மாறி மாறி வந்த காலநிலை என்று அர்த்தம். சுண்ணாம்பு திரண்ட சுக்கான்கல் உருண்டைகள் கிடைத்தால் மழை குறைவான இடம். மழை கூடக் கூடச் சுண்ணாம்பு கரைந்து கீழே இறங்கும். ஆகவே சுக்கான் அடுக்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதிலிருந்து ஆண்டு மழையளவை ஓரளவு மதிப்பிடவும் முடிகிறது.

அந்தச் சுக்கான்கல்லில் இன்னொரு தகவலும் இருக்கிறது. மரங்களும் நெல்லும் ஒரு விதமாக ஒளிச்சேர்க்கை செய்கின்றன. கரும்பு, கம்பு, சோளம், கேழ்வரகு, வெப்ப நாட்டுப் புற்கள் பலவும் வேறு விதமாகச் செய்கின்றன. இரண்டாம் வகையின் உடலில் கனமான கார்பன்-13 சற்று அதிகம். வேர்கள் விடும் மூச்சு வழியாக அந்த விகிதம் மண்ணில் படியும் சுண்ணாம்பிலும் பதிந்துவிடுகிறது.

இதைக் கொண்டு பாகிஸ்தானின் பொட்வார் பீடபூமியில் குவேட், செர்லிங், போமன் ஆகிய மூவரும் செய்த ஆய்வு 1989இல் வெளியானது. அங்கே இமயமலை ஆறுகள் கொட்டிய வண்டலில் தொல்மண்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கீழ் அடுக்குகளில் மரங்களின் கார்பன். சுமார் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கை ஒட்டி அது புல்லின் கார்பனாக மாறிவிடுகிறது. பருவமழை வலுப்பெற்றதே காரணம் என்று அவர்கள் கருதினார்கள். பிறகு வேறு கண்டங்களிலும் இதே மாற்றம் தென்பட்டதால், காற்றில் கரியமில வாயு குறைந்ததுதான் காரணமோ என்ற விவாதம் எழுந்தது. புல்வெளி வந்ததை மண் உறுதியாகக் காட்டுகிறது. அது ஏன் வந்தது என்பதை அந்த ஓர் இடத்து மண்ணைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய முடியாது.

நம் நீலகிரியிலும் இதே முறை பயன்பட்டிருக்கிறது. பள்ளத்தாக்குகளின் சதுப்பில் முழுதும் மக்காமல் சேர்ந்த தாவர மிச்சங்களை ஆராய்ந்து ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ஏறத்தாழ 18,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில், மலை வறண்டிருந்தது. வறட்சி தாங்கும் புற்கள் ஓங்கியிருந்தன. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் ஈரம் மிகுந்தது. சோலைக்காட்டுக்கு வெளியே இருக்கும் புல்வெளியைத் தரிசு என்று கருதி, சீகையும் தைல மரமும் நட்ட காலம் உண்டு. அந்தப் புல்வெளி மனிதன் காட்டை வெட்டியதால் உண்டானது அல்ல, மிகப் பழையது என்பதற்கு அந்தச் சேறே சான்று.

உங்கள் இன்னொரு கேள்வி: திருவக்கரையில் மேலே தெரிகிற செம்மண் தொல்மண் அல்ல. இன்றைக்கும் வெயிலும் மழையும் படுகிற மேல்மண் அது. பழைய மணற்கல் பின்னாளில் சிதைந்து, அதிலுள்ள இரும்பு துருவேறிச் சிவந்திருக்கிறது. மரத்தின் வயதை அதற்குக் கொடுக்க முடியாது.

புதைந்த மண்ணை உங்கள் பக்கத்திலேயே தேடலாம். புதுக் கிணறு வெட்டும் இடத்திலோ ஆறு அரித்த கரையிலோ, தூர நின்றே பிள்ளைகளுக்கு அடுக்குகளைக் காட்டுங்கள். மணலுக்கு அடியில் கறுத்த ஒரு பட்டை, அதிலிருந்து கீழிறங்கும் வேர்க்குழாய்கள், அதற்கும் கீழே சுக்கான் உருண்டைகள் என்ற வரிசை தெரிந்தால், அது வெள்ளம் மூடிய பழைய தரை. அதன் வயது சில நூறோ சில ஆயிரமோ ஆண்டுகளாகத்தான் இருக்கும். ஆனாலும் தொல்மண்ணில் பார்க்கும் அதே மூன்றைத்தான் அங்கேயும் பார்க்க வேண்டும்: வேர், நிறம், சுண்ணாம்பு.