சிறுநீரக நாளங்கள்: விதியும் புறனடையும்

இலக்கணத்திற் போலவே உடலமைப்பிலும் விதியும் புறனடையும் உள.

சிறுநீரகத்தினின்று குருதியைக் கீழ்ப்பெருநாளத்திற் சேர்ப்பது சிறுநீரக நாளம். கீழ்ப்பெருநாளம் வலப்பக்கஞ் சார்ந்திருத்தலின், வலநாளம் ஏறத்தாழ 2 முதல் 4 சென்ரிமீற்றர் நீளமே உடையது. இடநாளம் 6 முதல் 10 சென்ரிமீற்றர் வரை நீண்டு, பெருநாடியின் முன்னாகக் கடந்து செல்லும். இது விதி.

முளையப் பருவத்திற் பெருநாடியைச் சூழ்ந்து நாளவளையமொன்று தோன்றும். அதன் பிற்பகுதி மறைதலே வழக்கு. அது மறையாதாயின் வளையம் நிலைத்துவிடும். முற்பகுதி மறையின் இடநாளம் பெருநாடியின் பின்னே செல்லும். வலப்பக்கத்தில் ஒன்றின் மேற்பட்ட நாளங்கள் அமைதலும் உண்டு. இவை புறனடை.

இவற்றால் பெரும்பாலும் நோயில்லை. ஆயின், பின்னே மறைந்த நாளத்தை அறியாது சத்திரசிகிச்சை செய்யின் அது கிழிந்து குருதி பெருகும். நீண்ட நாளம் பொருத்துதற்கு எளிதாதலின், தானத்துக்குப் பெரும்பாலும் இடச் சிறுநீரகமே எடுக்கப்படும். அதற்குமுன் சீ.ரீ. படத்தால் நாளங்களின் போக்கை ஆராய்வர். எனவே, மாணவர் விதியோடு புறனடையையும் கற்பாராக.