ஏழு வரை சரி, எட்டில் தவறு

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள், "பகா எண்களைப் பற்றிய ஒரு விதியை வரிசையாகச் சரிபார்த்துக்கொண்டே போய், தப்பவில்லை என்றால் அது உண்மைதானே? 4 கோடி இலக்கம் கொண்ட பகா எண்ணையும் அப்படித்தானே உறுதி செய்திருப்பார்கள்?" என்கிறாள். என்ன பதில் சொல்வது?
— வாசகி, கொல்கத்தா

பதில்: உங்கள் ஊரில் பாடம் நடத்திய ஒரு தமிழரின் கேள்வியையே பதிலாகச் சொல்லுங்கள். எஸ்.எஸ். பிள்ளை 1901இல் குற்றாலத்துக்கு அருகே வல்லத்தில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1940களில் கல்கத்தா பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1950 ஆகஸ்ட் 31 அன்று, அமெரிக்கா செல்லும் வழியில் கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில் இறந்தார். இந்தியக் கணிதவியல் பெருமைப்பட வேண்டிய மேதை.

அவர் எழுப்பிய கேள்வி இது: 1 முதல் n வரையுள்ள எண்களைப் பெருக்கி (இதை n! என்று எழுதுவார்கள்), 1ஐக் கூட்டுங்கள். கிடைக்கும் எண்ணை வகுக்கும் பகா எண் ஒவ்வொன்றையும் n ஆல் வகுத்தால் மீதி 1 வருமா?

மகளைக் கணக்கிடச் சொல்லுங்கள். 3! + 1 = 7; 7ஐ 3ஆல் வகுத்தால் மீதி 1. 4! + 1 = 25, அதன் பகாக் காரணி 5; மீதி 1. 5! + 1 = 121, காரணி 11; மீதி 1. 6! + 1 = 721 = 7 × 103; இரண்டுக்கும் மீதி 1. 7! + 1 = 5041 = 71 × 71; அங்கும் மீதி 1. இந்த இடத்தில் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும்.

8! + 1 = 40321 = 61 × 661. 61ஐ 8ஆல் வகுத்தால் மீதி 5. விதி உடைந்தது. 9! + 1 = 19 × 71 × 269. இதில் 19 விதிக்கு அடங்குகிறது. 7க்கு அடங்கிய 71, 9க்கு அடங்கவில்லை, மீதி 8. 10! + 1 = 11 × 329891; இங்கே விதி மறுபடியும் பொருந்துகிறது!

இப்படி விதியை மீறும் பகா எண்களுக்கு 'பிள்ளை பகா எண்கள்' என்று பெயர். அவற்றுள் மிகச் சிறியது 23, அது 14! + 1ஐ மீதியின்றி வகுக்கும், ஆனால் 23ஐ 14ஆல் வகுத்தால் மீதி 9. இத்தகைய எண்களுக்கு முடிவே இல்லை என்பதும் நிறுவப்பட்டுவிட்டது.

பெரிய பகா எண்ணுக்கு வருவோம். 2024இல் லூக் டூரண்ட் கண்டறிந்தது, 2இன் 13,62,79,841ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்த எண், 4,10,24,320 இலக்கங்கள். முதல் சோதனை 'பகா எண்ணாக இருக்கலாம்' என்று மட்டுமே சொன்னது. ஐயத்துக்கு இடமில்லாத லூகாஸ்–லெமர் சோதனையிலும் தேறிய பிறகே உலகுக்கு அறிவித்தார்கள். அந்தச் சோதனையை நம்பலாம் என்பதற்குப் பின்னால் நிறுவப்பட்ட ஒரு தேற்றம் இருக்கிறது.

ஆகவே, சரிபார்ப்பதை மகள் நிறுத்த வேண்டாம். விதிகள் கண்ணில் படுவதே அப்படித்தான். கூடவே 'ஏன் இப்படி வருகிறது?' என்றும் கேட்கட்டும். அந்த 'ஏன்' கிடைக்கும் வரை அது விதியல்ல, ஊகம் மட்டுமே.