தோணி மோட்டருக்கு இலிதியம் பற்றரி தெரிதல்

கமத்தோடு குளத்து மீன்பிடியும் செய்வோர், தோணியின் சிறு மின்மோட்டருக்குப் பற்றரி வாங்கும்போது விலையை மட்டும் நோக்குதல் தகாது. இலிதியம் இரும்புப் பொசுபேற்று வகையே இதற்கேற்றது. 12 உவோற்று, 100 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்று, 30 அம்பியர் இழுக்கும் மோட்டரை ஏறக்குறைய 3 மணிநேரம் ஓட்டும். அதே அளவான ஈய அமிலப் பற்றரியிற் பாதியையே பயன்படுத்துதல் நன்று. அதன் நிறையோ ஏறக்குறைய இருமடங்கு.

மலிவான பற்றரியில் முதலிற் பார்க்கவேண்டியது, அது இடைவிடாது தரக்கூடிய மின்னோட்டம். 55 இறாத்தல் உந்துவிசையுள்ள மோட்டர் முழுவேகத்தில் ஏறக்குறைய 50 அம்பியர் இழுக்கும். பற்றரியின் அளவு இதனிலுங் குறைவாயின், எதிர்காற்றில் வேகத்தைக் கூட்டியதும் உள்ளிருக்கும் காப்புச்சுற்று மின்னைத் துண்டித்துவிடும். தோணி நடுக்குளத்தில் நிற்கும். ஆகையால் துடுப்பும் உடன் செல்லல் வேண்டும். நேர்முனையருகே உருகி பொருத்துக. இவ்வகைக்கெனச் செய்யப்பட்ட, 14.6 உவோற்றுக்கு மேற்படாத மின்னேற்றியையே பயன்படுத்துக.