தோடு கேட்ட வழி

கேள்வி: 2018 வெள்ளத்தில் ஆலுவா பக்கம் கொச்சி விமான நிலையமே மூழ்கிவிட்டதே! இனி மூழ்காது என்று நம்பலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆகஸ்ட் 15-ல் மூடியதை 29-ல்தான் திறந்தார்கள். சுற்றுச்சுவர் 2 கிலோமீட்டருக்கு மேல் சரிந்தது. பெரியாற்றோடு சேரும் செங்கல் தோட்டைத் (மலையாளத்தில் தோடு என்றால் ஓடை, காதில் போடுவதல்ல!) திசை திருப்பித்தான் ஓடுபாதை போட்டிருந்தார்கள். தண்ணீர் பழைய வழியைக் கேட்டு வந்தது. 2013-லும் ஒருமுறை எட்டிப் பார்த்ததுதான். 2018 வெள்ளத்துக்குப் பின் 'ஆபரேஷன் பிரவாஹ்' திட்டத்தில் சுமார் 130 கோடி ரூபாயில் சுற்றுவட்டாரத் தோடுகளை ஆழப்படுத்தி, பாலங்கள் கட்டினார்கள். மதில் உயர்த்துவதோடு நிற்காமல் வெளியே உள்ள ஊர்களையும் சேர்த்து யோசித்தது நல்ல வேலை. ஆனாலும் பெரியாற்றின் மேலே இடுக்கி அணை இருக்கிறது. மழை நம் கணக்குக்குப் பெய்வதில்லை. ஆகஸ்டில் பயணம் என்றால், டிக்கெட்டோடு அணையின் நீர்மட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.