அபராதம் கட்டினால் சரக்கு வந்துவிடுமா?

அன்புள்ள தம்பிக்கு,

குற்றாலத்தில் சாரல் தொடங்கிய சேதியோடு உன் முதல் சுங்க வழக்கைப் பற்றியும் எழுதியிருந்தாய். தென்காசி வியாபாரி ஒருவரின் மிளகு தூத்துக்குடியில் நிற்கிறது. இன்வாய்ஸில் கிலோ 500 ரூபாய்க்குக் கீழே விலை. “மிளகு தடைசெய்த பொருளா என்ன? விலைக் கட்டுப்பாடுதானே, ஃபைன் கட்டி எடுத்துவிடலாம்” என்று அவருக்கு நம்பிக்கை கொடுத்துவிட்டாயாம். அந்த வாக்கை இன்றே திரும்பப் பெற்றுக்கொள்.

1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் 2(33) பிரிவைப் படி. நிபந்தனையை மீறி வந்த சரக்கும் அங்கே தடைசெய்யப்பட்ட சரக்குதான். 1970இல் ஒரு பெண் குதிரையின் இறக்குமதி பற்றிய ஷேக் முகமது ஓமர் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 2021இல் ராஜ் குரோ இம்பெக்ஸ் வழக்கு இன்னும் கடுமை. அளவுக் கட்டுப்பாட்டை மீறி, இடைக்கால உத்தரவை நம்பிப் பட்டாணி இறக்கியவர்களுக்கு மீட்கும் வழியே இல்லாமல் சரக்கு பறிமுதலானது. மிளகுக்கோ, 500 ரூபாய்க்குக் குறைந்தால் தடை என்று 2018 மார்ச்சில் அறிவிக்கையே வந்தது.

மற்றச் சரக்கென்றால் 125ஆம் பிரிவின்படி மீட்பு அபராதம் கட்டும் வாய்ப்பை அதிகாரி கொடுத்தே ஆகவேண்டும். தடைசெய்த சரக்குக்கு அது அவர் விருப்பம். கொடுத்தாலும் அந்த அபராதம் சரக்கின் மேல் விழுவது. 112ஆம் பிரிவின் பெனால்டி ஆளின் மேல் விழுவது, சரக்கின் மதிப்பு வரைக்கும் போகலாம். இவற்றோடு தீர்வை, யார்டு வாடகை. பொய்ச் சான்றிதழ் ஏதாவது உள்ளே இருந்தால் 114ஏஏ. மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை. வியட்நாம் மிளகு இலங்கையில் விளைந்ததென்ற சான்றிதழோடு வந்த கதைகளை நீயும் கேட்டிருப்பாய். அதனால் வியாபாரியிடம் சரக்கு எங்கே விளைந்தது என்று முதலில் கேள். ஆவணம் சுத்தமாக இருந்தால், சரக்கைத் திருப்பி அனுப்ப அனுமதி கேட்டு மனுப் போடு. 108ஆம் பிரிவில் வாக்குமூலத்துக்கு அழைத்தால், ஒவ்வொரு வரியும் தமிழில் புரிந்த பிறகே கையெழுத்துப் போடச் சொல். அது சாட்சியமாக நிற்கும்.

நாள் கணக்கையும் மறக்காதே. இருபது வருஷத்துக்கு முன் செங்கோட்டைப் பக்கத்து மரவியாபாரி ஒருவர் மஞ்சள் பையில் ஒரு உறையைக் கொண்டுவந்தார். பறிமுதல் ஆணை. பிரிக்கவே இல்லை, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாராம். வந்து சேர்ந்த தேதியிலிருந்து எண்ணினேன், 97 நாள். மேல்முறையீட்டுக்கு 60 நாள், தக்க காரணம் காட்டினால் இன்னும் 30. அதைத் தாண்டினால் தாமதத்தை மன்னிக்க மேல்முறையீட்டு ஆணையருக்கே அதிகாரம் கிடையாது. அவர் கை உறையைத் தடவிக்கொண்டே இருந்தது. வழக்கில் வாதிட நல்ல காரணங்கள் இருந்தன. எதையும் சொல்ல இடமில்லாமல் போயிற்று.

விலை வரம்பு எதற்கு என்று உனக்குத் தோன்றினால், குற்றாலக் கடைவீதியில் கிராம்பும் மிளகும் விற்பவர்களை நினைத்துப்பார். மலைத்தோட்டக்காரனின் விலை சரியாமல் இருக்கத்தான் அந்த 500 ரூபாய் வரம்பு. உன் கட்சிக்காரருக்காக முழு மூச்சாக வாதாடு. ஆனால் பழைய தேதியிட்டுப் புது இன்வாய்ஸ் தயாரிக்கலாமா என்று அவர் கேட்டால், அந்தக் கோப்பை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடு.

சுங்கத்துறை நோட்டீஸ் வந்த தேதியை இன்று ராத்திரியே டைரியில் குறித்துக்கொள். திங்கட்கிழமை கோப்போடு தூத்துக்குடிக்கு வா, சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்