நாரிப்பிடிப்பைத் தவிர்ப்போம்: முதுகுத் தசைகளைப் பலப்படுத்தும் கருவிகள்

கோடை முடியும் நாட்களில் ஜான்-டலோன் சந்தையில் தக்காளியும் மிளகாயும் பெட்டி பெட்டியாகக் குவிந்திருக்கும். 1933ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இச்சந்தை, பார்க் மெற்றோ நிலையத்திலிருந்து நீலப் பாதையில் இரண்டாவது தரிப்பிடமான ஜான்-டலோனுக்கு அருகில் உள்ளதால் நம்மவர் பலருக்கு வசதியானது. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு பெட்டியைக் குனிந்து தூக்குகிறோம். அந்த நொடியில் நாரி பிடித்துக்கொள்கிறது. பிறகு பல நாட்கள் வேலைக்கும் போக முடியாது, பிள்ளையையும் தூக்க முடியாது.

இது நமக்கு மட்டும் உள்ள தொல்லை அல்ல. 2020இல் உலகெங்கும் சுமார் 61 கோடியே 90 இலட்சம் பேர் நாரிவலியால் அவதியுற்றதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாட்பட்ட நாரிவலிக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கும் இந்நிறுவனத்தின் 2023 வழிகாட்டி, இடுப்புப் பட்டியை வழமையான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. முள்ளந்தண்டைத் தாங்க வேண்டியவை நமது தசைகளே.

உடற்பயிற்சி நிலையங்களில் முதுகுக்கென மூன்று கருவிகளைப் பெரும்பாலும் காணலாம்.

1. லாட் புல்டவுன்: தொடைகளைத் திண்டின் கீழ் வைத்து அமர்ந்து, மேலே உள்ள கம்பியை நெஞ்சின் மேற்பகுதி வரை இழுக்க வேண்டும். அக்குளிலிருந்து இடுப்பு வரை விரியும் பெரிய தசை இதனால் பலமடையும். கம்பியைப் பிடரிக்குப் பின்னால் இழுப்பதைத் தவிர்ப்போம். அது தோள்மூட்டை வருத்தக்கூடும்.

2. சீட்டட் ரோ: நிமிர்ந்து அமர்ந்து, கைப்பிடியை வயிற்றை நோக்கி இழுக்க வேண்டும். தோட்பட்டை எலும்புகள் இரண்டும் பின்னால் நெருங்க வேண்டும். கணினி முன்னும் தையல் இயந்திரத்தின் முன்னும் கூனியிருப்போருக்கு நல்ல பயிற்சி.

3. பாக் எக்ஸ்டென்ஷன்: முள்ளந்தண்டின் இருபுறமும் ஓடும் தசைகளுக்கும் புட்டத் தசைகளுக்கும் உரியது. சாய்ந்த நிலையிலிருந்து உடல் நேராகும் வரை மெதுவாக எழும்ப வேண்டும். அதற்கு மேல் பின்னால் வளையத் தேவையில்லை.

ஐந்து நிமிட நடையுடன் தொடங்குவோம். ஒவ்வொரு கருவியிலும் 10 முதல் 12 தடவைகள், இரண்டு சுற்றுக்கள் போதும். கடைசி இரண்டு தடவைகள் கடினமாக இருக்க வேண்டும். ஆனால் உடல் ஆடக் கூடாது. 12 தடவைகள் இலகுவானதும் மிகச் சிறிய எடையைக் கூட்டலாம். இழுக்கும்போது மூச்சை வெளியே விடுவோம், அடக்கக் கூடாது. கிழமைக்கு இரண்டு நாட்கள் செய்து, இடையில் ஒரு நாளாவது ஓய்வு கொடுப்போம். பலம் கூடுவதை உணரச் சில கிழமைகள் செல்லும்.

தசை பலமானாலும் தூக்கும் முறை முக்கியம். பெட்டியை உடலோடு அணைத்து, முழங்காலை மடித்துத் தூக்குவோம். பாரத்துடன் இடுப்பைத் திருகாமல், பாதங்களை நகர்த்தித் திரும்புவோம். பனி அள்ளும்போதும் இதே விதிதான்.

"இதெல்லாம் இளம் பெடியன்களுக்கு" என்று நமது தாய்மார் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். எடை பொருத்திய பயிற்சிக் கருவிகளை 1860களில் ஸ்டொக்ஹோமில் உருவாக்கிய வைத்தியர் குஸ்தாவ் சாண்டர், அவற்றை நோயாளிகளைக் குணப்படுத்தவே பயன்படுத்தினார். அரிசி மூட்டையும் பேரப்பிள்ளையும் தூக்கும் கைகளுக்கு இப்பயிற்சி மிகவும் தேவை.

எலும்புத் தேய்வு உள்ளோரும் முதுகில் சத்திரசிகிச்சை செய்தோரும் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும். கியூபெக்கில் வைத்தியரின் கடிதமின்றியே இயன்மருத்துவரை நாடலாம். 811 இலக்கத்தில் தாதியரிடமும் ஆலோசனை பெறலாம். ஆனால் நாரிவலியுடன் கால் பலவீனமானாலோ, தொடைகளுக்கு இடையில் உணர்வு மரத்தாலோ, சிறுநீர் போவதில் திடீர் மாற்றம் ஏற்பட்டாலோ தாமதியாது அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அந்த வேளையில் தைலம் பூசிக் காத்திருப்பது காலை நிரந்தரமாக முடக்கிவிடக்கூடும்.